மறுத்துரைப்பவரின் தகுதி: பாலின் கேலை முன்வைத்து

திரைப்படத்தை விமர்சிக்க ஒருவருக்கு என்ன தகுதி இருக்கிறது என்ற கேள்வி, பலரும் கொண்டாடும் ஒரு படத்தை அவர் குறைகூறும்போதுதான் பெரும்பாலும் எழுகிறது. ஊரோடு ஒத்துப் பாராட்டி எழுதுபவரிடம் அவர் எங்கே படித்தார், எத்தனை படங்களில் பணியாற்றினார், ஒளிப்பதிவைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று எவரும் விசாரிப்பதில்லை. மறுத்து எழுதியவரிடமே இவ்வளவும் கேட்கப்படுகின்றன. அறிவைப் பற்றியதாகத் தோன்றும் இக்கேள்வி நடைமுறையில் உடன்பாட்டைப் பற்றியதாகவே இருந்துவருவதால், அறிவையும் உடன்பாட்டையும் தனித்தனியே நிறுத்திப் பார்க்காமல் விமர்சகரின் தகுதி இன்னது என்று வரையறுக்க இயலாது. அவ்வாறு பிரித்துப் பார்ப்பதே இவ்வுரையின் பணியாகும்.

எதிர்நிலை விமர்சகர் என்று இங்கே குறிக்கப்படுபவர், தம் காலத்துப் பொதுக்கருத்துக்கும் சக விமர்சகர்களின் ஒருமித்த தீர்ப்புக்கும் மாறான முடிவுகளை மீண்டும் மீண்டும் எட்டி, அவற்றை ஒளிவுமறைவின்றி எழுதுபவர். அத்தகையோருள் அமெரிக்க விமர்சகர் பாலின் கேலின் (1919–2001) எழுத்து வாழ்க்கை ஆய்வுக்கு மிகவும் ஏற்றது. ஏனெனில், பிறர் காணாததை அவர் கண்டுரைத்த இடங்களும், அவரே பெரிதாகத் தவறிய இடங்களும் ஒருசேரப் பதிவாகியுள்ளன. அவ்விருவகை இடங்களையும் சேர்த்துப் படிக்கும்போது, விமர்சனத் தகுதி என்பது ஒருமுறை வழங்கப்பட்டு வாழ்நாள் முழுதும் செல்லுபடியாகும் உரிமம் ஆகாது என்பதும், ஒவ்வொரு கட்டுரையிலும் அது புதிதாக ஈட்டப்பட வேண்டியது என்பதும் தெளிவாகும்.

வழக்கமான மூன்று அளவுகோல்கள்

விமர்சகரின் தகுதியை அளக்க வழக்கமாக மூன்று அளவுகோல்கள் முன்வைக்கப்படுகின்றன. முதலாவது கல்விப் பட்டம். இரண்டாவது திரைப்படத் தொழிலில் நேரடி அனுபவம். மூன்றாவது பெரும்பான்மைப் பார்வையாளரின் ரசனையோடு ஒத்துப்போதல். இம்மூன்றும் விமர்சகருக்கு ஏதோ ஒரு வகையில் உதவக்கூடியவையே என்றாலும், இவற்றுள் எதுவும் தகுதியின் ஆதாரமாக நிற்கவல்லது அன்று என்பதை வரலாறு காட்டுகிறது.

பட்டத்தை முதலில் எடுத்துக்கொண்டால், கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தத்துவம் பயின்ற பாலின் கேல், பட்டம் பெறாமலேயே 1940இல் அங்கிருந்து வெளியேறியவர். அவரே பின்னாளில் அமெரிக்கத் திரைவிமர்சனத்தின் போக்கை மாற்றினார். மாறாக, அண்மைக் காலத்தில் மிகுந்த சர்ச்சைக்கு உள்ளான எதிர்நிலை விமர்சகராகிய ஆர்மண்ட் ஒயிட், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் திரைப்படத் துறையில் முதுநிலைப் பட்டம் பெற்றவர். ஆயினும் விமர்சிக்கத் தகுதியற்றவர் என்ற வசை அவர் அளவுக்கு வேறெவர் மீதும் விழுந்ததில்லை என்றே சொல்லலாம்.

தொழில் அனுபவம் என்னும் இரண்டாம் அளவுகோல், முதலில் ஒரு படம் எடுத்துக்காட்டிவிட்டுப் பிறகு பேசட்டும் என்ற அறைகூவலாக எல்லா மொழித் திரையுலகிலும் ஒலிப்பது. பிரான்ஸ் நாட்டின் பிரான்சுவா த்ரூஃபோ, பதினான்கு வயதில் பள்ளிப்படிப்பை விட்டவர். 1954 ஜனவரியில், தமக்கு 21 வயது நடக்கும்போது, 'கையே து சினிமா' இதழில் அன்றைய பிரெஞ்சுத் திரைப்படத்தின் மரியாதைக்குரிய மரபை முழுமையாக எதிர்த்து ஒரு கட்டுரை எழுதினார். அவருடைய தாக்குதல்களால் சினமுற்ற கான் திரைப்பட விழாவினர் 1958இல் அவருக்கு அனுமதி வழங்க மறுத்தனர். அடுத்த ஆண்டே அதே விழாவில் 'நானூறு அடிகள்' என்ற தம் முதல் முழுநீளப் படத்துக்காகச் சிறந்த இயக்குநர் விருதை அவர் பெற்றார். படம் எடுத்தவரே விமர்சிக்கலாம் என்ற விதியை ஏற்றால், 1954இல் எழுதப்பட்ட அக்கட்டுரை 1959 மே மாதம் வரை மதிப்பற்றதாகக் கிடந்து, அதன்பின் ஓரெழுத்தும் மாறாமலேயே மதிப்புடையதாக ஆகிவிட்டது என்று கொள்ள வேண்டியிருக்கும். கட்டுரையின் வலிமை அதன் வாதத்தில் இருந்ததே தவிர, எழுதியவரின் தொழில் வரலாற்றில் இருக்கவில்லை.

பெரும்பான்மை ரசனையோடு ஒத்துப்போதல் என்னும் மூன்றாம் அளவுகோலை எவரும் அப்பெயரால் முன்வைப்பதில்லை எனினும், மற்ற இரண்டையும் பின்னின்று இயக்குவது அதுவே. அதன் குறையை விளக்க 1967ஆம் ஆண்டின் நிகழ்வுகளே போதுமானவை.

கேலின் பயிற்சிக் களம்

பட்டமும் படமெடுத்த அனுபவமும் இல்லாத கேலுக்குப் பயிற்சி இல்லை என்று கருதிவிடக் கூடாது. கலிஃபோர்னியாவின் பெட்டலூமாவில் போலந்து யூதக் குடியேறிகளின் கோழிப்பண்ணையில் பிறந்து, சான் பிரான்சிஸ்கோவில் வளர்ந்த அவர், பேசாப்பட காலத்திலிருந்தே இடைவிடாமல் படம் பார்த்தவர். 1953இல் சாப்ளினின் 'லைம்லைட்' படத்தைப் பற்றி அவர் எழுதிய முதல் விமர்சனமே பலரும் மதித்த ஒரு படைப்பின் மீதான தாக்குதலாக அமைந்தது. அதன்பின் பெர்க்லியில் 'சினிமா கில்ட்' என்ற சிறு திரையரங்கை நடத்துவதில் பங்கேற்று, அங்கே திரையிடப்படும் படங்களுக்கு அறிமுகக் குறிப்புகள் எழுதினார், கே.பி.எஃப்.ஏ. வானொலியில் ஊதியமின்றி விமர்சன உரைகள் ஆற்றினார். எந்தப் படத்துக்குக் கூட்டம் வருகிறது, எந்த இடத்தில் சிரிக்கிறது, எந்த இடத்தில் நெளிகிறது என்பதை நாள்தோறும் கண்டறியும் வாய்ப்பை அந்தத் திரையரங்கும், எழுதுவதைப் பேச்சின் வேகத்தில் எழுதும் பழக்கத்தை அந்த வானொலியும் அவருக்கு அளித்தன எனலாம்.

அக்காலத்தில் ஆண்ட்ரூ சாரிஸ் என்ற விமர்சகர், பலர் கூடி உருவாக்கும் திரைப்படத்துக்கு இயக்குநரே உண்மையான படைப்பாசிரியர் என்றும், அவருடைய ஆளுமையின் முத்திரையே மதிப்பீட்டின் அடிப்படை என்றும் கூறும் பிரெஞ்சுக் கொள்கையை 1962இல் அமெரிக்காவில் முறைப்படுத்தி எழுதினார். 'படைப்பாசிரியர் கொள்கை' என்று தமிழில் சுட்டப்படும் இதனைக் கேல் 1963இல் கடுமையாக மறுத்தார். ஓர் இயக்குநர் தம் எல்லாப் படங்களிலும் ஒரே உத்தியைத் திரும்பத் திரும்பக் கையாள்வது அவருடைய பெருமைக்குச் சான்றாகாது, வறுமைக்கும் சான்றாகலாம் என்பது அவர் வாதத்தின் சாரம். சாரிஸ் திரைப்பட வரலாற்றுக்கு அளித்த ஒழுங்கு இன்றும் பயன்படுகிறது. கேல் எழுப்பிய ஐயமும் இன்றும் நிலைத்திருக்கிறது. இருவருள் ஒருவர் வென்றார் என்பதைவிட, மறுப்பு எழுந்ததால் கொள்கை தன்னைத் தெளிவுபடுத்திக்கொள்ள நேர்ந்தது என்பதே இவ்விவாதத்தின் பயன். மக்களுக்கான கேளிக்கைப் படங்களை விரும்பியவர் என்று அறியப்பட்ட அதே கேல், சத்யஜித் ராயின் 'தேவி' படத்தைப் பாராட்டி எழுதிய கட்டுரை 1965இல் வெளியான அவருடைய முதல் நூலில் இடம்பெற்றிருப்பது, அவருடைய ரசனையை ஒரே கட்டத்துக்குள் அடைக்க முடியாது என்பதைக் காட்டுகிறது.

1967: ஒரு காட்சியும் இரண்டு தீர்ப்புகளும்

ஆர்தர் பென் இயக்கிய 'பானி அண்ட் கிளைடு' 1967 ஆகஸ்டில் மான்ட்ரியல் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டபோது, 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழில் 1940 முதல் தலைமை விமர்சகராக விளங்கிய பாஸ்லி கிரவுதர் அதை வன்மையாகக் கண்டித்தார். படம் நியூயார்க்கில் வெளியான பிறகும் தம் கண்டனத்தைத் தொடர்ந்தார். கொடிய கொலைகாரர்களின் கதையைக் கோமாளிக் கூத்தைப் போலக் காட்டியிருப்பது ரசனைக்கேடு என்பது அவருடைய முதன்மையான குற்றச்சாட்டு. 'நியூஸ்வீக்' இதழின் ஜோ மார்கன்ஸ்டெர்னும் முதலில் படத்தைத் தாழ்த்தி எழுதினார். எனினும் பொதுமக்களோடு அமர்ந்து மீண்டும் பார்த்தபின், அடுத்த வாரமே தம் தீர்ப்பு பிழையானது என்று அதே இதழில் திருத்தி எழுதினார்.

இக்கருத்துப் போரின் நடுவே கேல் எழுதிய நீண்ட கட்டுரையை ஓர் இதழ் வெளியிட மறுக்க, 'தி நியூயார்க்கர்' 1967 அக்டோபரில் அதை வெளியிட்டது. படத்தில் வரும் ஒரு காட்சி, விவாதத்தின் மையத்தை நன்கு புலப்படுத்தும். பானியும் கிளைடும் வங்கியைக் கொள்ளையடிக்க உள்ளே சென்றிருக்கும்போது, வாசலில் காரோடு காத்திருக்க வேண்டிய கூட்டாளியாகிய இளைஞன், அருகே ஓர் இடம் காலியாவதைக் கண்டு, காரைப் பின்னோக்கிச் செலுத்தி இரண்டு கார்களுக்கு நடுவே ஒழுங்காக நிறுத்திவிடுகிறான். வெளியே ஓடிவந்தவர்கள் காரைத் தேடி அலைய, அந்த நெருக்கடியான இடத்திலிருந்து கார் முன்னும் பின்னும் இடித்து வெளிவர முயல, அரங்கம் சிரிக்கிறது. அந்த நேரத்தில் வங்கி ஊழியர் ஒருவர் காரின் பக்கவாட்டுப் படியில் தாவி ஏறுகிறார். கிளைடு கண்ணாடியினூடே சுடுகிறான். அவர் முகம் குருதியாகிறது. சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிடுகிறது.

நகைச்சுவையும் கொலையும் ஒரே காட்சியில் கலக்கக் கூடாது என்ற விதியோடு வந்த கிரவுதருக்கு இக்காட்சி விதிமீறலாகத் தெரிந்தது. கேலோ, அந்தக் கலப்பினால் பார்வையாளருக்கு என்ன நேர்கிறது என்ற கேள்வியிலிருந்து தொடங்கினார். சிரித்துக்கொண்டிருந்தவர் தம் சிரிப்புக்கே கூச நேர்வதால், திரையில் வலியற்றதாகிப்போன மரணத்துக்கு வலி திரும்பக் கிடைக்கிறது என்று வாதிட்டார். காதலர் இருவர் சட்டத்துக்குத் தப்பி ஓடும் கதையை முன்னரே சொன்ன ஃபிரிட்ஸ் லாங், நிக்கலஸ் ரே ஆகியோரின் படங்களோடு இதை ஒப்பிட்டு, அந்த மரபில் எது தொடர்கிறது, எது மாறியிருக்கிறது என்பதையும் எடுத்துக்காட்டினார். இவ்வாறு காட்சியைச் சான்றாக்கி, மரபை நினைவில் நிறுத்தி, பார்வையாளரின் அனுபவத்தை விளக்கியதால்தான் அக்கட்டுரை வலுப்பெற்றது. பின்னர் படத்துக்குப் பத்து ஆஸ்கர் பரிந்துரைகளும் இரண்டு விருதுகளும் கிடைத்தன என்பது வேறு செய்தி. அவை கிடைக்காமல் போயிருந்தாலும் கட்டுரையின் தகுதி குறைந்திருக்காது.

கிரவுதரை அறியாதவர் என்று ஒதுக்குவது நியாயமாகாது. ரொஸ்ஸெலினியின் 'அற்புதம்' என்ற இத்தாலியப் படம் மத நிந்தனை செய்கிறது என்று நியூயார்க்கில் தடைசெய்யப்பட்டபோது, அதற்கு ஆதரவாக நின்றவர் அவர். அவ்வழக்கில்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1952இல், திரைப்படமும் கருத்துரிமையின் பாதுகாப்புக்கு உரியது என்று தீர்ப்பளித்தது. அன்று துணிந்து மறுத்துரைத்தவரே 1967இல், தம் கண்முன் புதிதாக நிகழ்ந்ததைக் காணத் தவறினார். அவ்வாண்டின் முடிவோடு தலைமை விமர்சகர் பொறுப்பிலிருந்தும் விலக நேர்ந்தது. இருபத்தேழு ஆண்டு அனுபவம் இருபத்தெட்டாம் ஆண்டின் படத்துக்குத் தானாகவே தகுதி தந்துவிடவில்லை என்பதே இதிலிருந்து கற்க வேண்டிய பாடம்.

தீர்ப்பின் சுதந்திரமும் செய்தியின் கட்டுப்பாடும்

1968 முதல் 1991 வரை, இடையில் ஒரு சிறு காலம் நீங்கலாக, 'தி நியூயார்க்கர்' இதழில் எழுதிய கேல், தம் புகழின் உச்சத்தில் 1971இல் 'சிட்டிசன் கேன்' படத்தைப் பற்றி இரண்டு பகுதிகளாக ஒரு நெடுங்கட்டுரை வெளியிட்டார். அப்படத்தின் திரைக்கதையை ஏறத்தாழ முழுவதும் ஹெர்மன் மான்கிவிச் எழுதினார் என்றும், ஆர்சன் வெல்ஸுக்கு அதில் உரிய பங்கில்லை என்றும் அக்கட்டுரை கூறியது. படைப்பாசிரியர் கொள்கையை மறுத்துவந்த அவருடைய நிலைப்பாட்டோடு இம்முடிவு நன்றாகப் பொருந்தியது. அப்பொருத்தமே அவரை ஏமாற்றியிருக்கக்கூடும். கட்டுரைக்காக அவர் வெல்ஸிடம் பேசவில்லை; லாஸ் ஏஞ்சலஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆசிரியர் ஹோவர்ட் சூபரின் ஆய்வுப் பொருள்களைப் பயன்படுத்திக்கொண்டு, அவர் பெயரைக் குறிப்பிடவில்லை. இயக்குநர் பீட்டர் போக்டனோவிச் 1972இல் எழுதிய மறுப்பும், திரைக்கதையின் எல்லா வரைவுகளையும் வரிசையாக ஒப்பிட்டு ராபர்ட் காரிஞ்சர் 1978இல் வெளியிட்ட ஆய்வும், வெல்ஸின் பங்கு கணிசமானது என்பதை நிறுவின.

ஒரு படம் நன்றா, அன்றா என்பது தீர்ப்பு. ஒரு வரியை எழுதியவர் யார் என்பது செய்தி. தீர்ப்பில் விமர்சகர் உலகம் முழுவதையும் எதிர்த்து நிற்கலாம், அவரை வாதத்தால் மட்டுமே வெல்ல முடியும். செய்தியில் அவருக்கு அந்த உரிமை இல்லை. அங்கே ஆவணமே பேச வேண்டும், பிறர் உழைப்பைப் பெற்றிருந்தால் அதை ஒப்புக்கொண்டாக வேண்டும். 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்', குப்ரிக்கின் '2001' முதலிய படங்களைக் கேல் நிராகரித்ததை ஏற்காதவர்களும் அந்நிராகரிப்புகளை இன்றும் படித்துப் பயன்பெறலாம். 'சிட்டிசன் கேன்' கட்டுரையின் எழுத்தழகு எத்தகையதாயினும், அதன் மையமான செய்தியை ஆதாரமாகக் கொள்ள இயலாது. எதிர்நிலை விமர்சகர் வழுக்கிவிழக்கூடிய இடமும் இதுவே. தீர்ப்பில் பழகிய துணிவு, செய்தியிலும் தனக்கு இடமுண்டு என்று எண்ணிவிடுகிறது.

சார்பின்மையிலும் கேல் வினாவுக்கு உரியவராகவே இருந்தார். ராபர்ட் ஆல்ட்மனின் 'நாஷ்வில்' படத்தை 1975இல் அதன் தொகுப்பு முடியும் முன்பே பார்த்து, மிக உயர்வாகப் புகழ்ந்து எழுதியது சக விமர்சகர்களின் கண்டனத்துக்கு உள்ளானது. 1980இல் எழுத்தாளர் ரெனாட்டா ஆட்லர், கேலின் தொகுப்பு நூல் ஒன்றை முன்வைத்து எழுதிய நெடிய மறுப்பு, அவருடைய நடையில் வாதத்தின் இடத்தை மிரட்டல் பிடித்துக்கொள்கிறது என்றும், வாசகரையும் தம்மோடு சேர்த்துக்கொண்டு பேசும் பழக்கம் மாற்றுக் கருத்துக்கு இடமளிப்பதில்லை என்றும் சுட்டியது. மறுத்துரைத்தே வளர்ந்தவர் தாமும் மறுக்கப்பட்டது விமர்சன மரபின் ஆரோக்கியத்தையே காட்டுகிறது.

விழுக்காடு அளக்கும் பொருள்

இன்றைய சூழலில் எதிர்நிலை விமர்சகரின் நிலையை மாற்றியிருப்பது விழுக்காட்டுக் கணக்கு. 1998இல் தொடங்கப்பட்ட 'ராட்டன் டொமேட்டோஸ்' என்னும் விமர்சனத் தொகுப்பு இணையதளம், ஒரு படத்தைப் பற்றிய விமர்சனங்களைச் சாதகம், பாதகம் என்று இரண்டாகப் பிரித்து, சாதகமானவை நூற்றுக்கு எத்தனை என்று கூறுகிறது. ஆனந்த விகடன் விமர்சனங்களில் படத்துக்கு வழங்கப்பட்ட மதிப்பெண்ணை அறிந்த தமிழ் வாசகர் இதையும் அதுபோன்றதே என்று கருதக்கூடும்; உண்மையில் இரண்டும் வேறு. மதிப்பெண் ஒரு குழு படத்தை எவ்வளவு மதிக்கிறது என்பதைச் சொல்வது. விழுக்காடோ எத்தனை பேர் சாதகமாகச் சொன்னார்கள் என்பதை மட்டுமே சொல்வது. நூறு பேரும் சுமார் என்ற அளவில் ஏற்றுக்கொண்ட படம் முழு நூறையும், அறுபது பேர் தலைசிறந்தது என்று போற்றி நாற்பது பேர் நிராகரித்த படம் அறுபதையும் பெறும். ஒருமித்த கருத்தே சிறப்பின் அளவாகிவிட்ட இம்முறையில், மறுத்துரைப்பவர் கணக்கைக் கெடுப்பவராகவே பார்க்கப்படுகிறார்.

2010இல் 'டாய் ஸ்டோரி 3' படத்தின் முழு நூறு விழுக்காட்டை ஆர்மண்ட் ஒயிட்டின் விமர்சனம் குலைத்தபோது எழுந்த சினம் இத்தகையது. விற்பனைப் பொருள்களின் பெயர்களில் மயங்கியதால் படம் குழந்தையின் கற்பனையைத் தொலைத்துவிட்டது என்பது அவர் வாதம். பொம்மைகளைப் பற்றிய ஜோ டான்டேயின் 'ஸ்மால் சோல்ஜர்ஸ்' அதனினும் மேலானது என்றும் அவர் கருதினார். பார்பி, கென் முதலிய கடைப் பொம்மைகள் படத்தில் பாத்திரங்களாகவே வருவதால், இவ்வாதம் படத்தை வைத்துச் சோதிக்கக்கூடியது. உரிமையாளன் வளர்ந்துவிட்டபின் பொம்மைகள் அழிவை எதிர்கொள்ளும் எரியுலைக் காட்சியைக் காட்டி, பொருளாசையைக் கடந்த ஒன்றையே படம் பேசுகிறது என்று அவருக்கு விடையளிக்கவும் முடியும். இவ்வகையில் ஒரு விவாதம் நடந்திருக்க வேண்டிய இடத்தில், அவரை நீக்க வேண்டும் என்ற கூக்குரலே மிகுதியாக எழுந்தது.

அதற்கு முந்தைய ஆண்டில், விமர்சனத்துக்காகப் புலிட்சர் பரிசு பெற்ற முதல் திரைவிமர்சகரான ரோஜர் ஈபர்ட், 'டிஸ்ட்ரிக்ட் 9' படத்தை எதிர்த்த ஒயிட்டுக்கு ஆதரவாக எழுதினார்; பின்னர் ஒயிட் போற்றிய படங்களையும் தூற்றிய படங்களையும் அடுத்தடுத்து வைத்த பட்டியலைக் கண்டு, அந்த ஆதரவைத் திரும்பப் பெற்று, அவரை வேண்டுமென்றே வம்பு வளர்ப்பவர் என்று குறிப்பிட்டார். ஈபர்ட்டின் நேர்மை போற்றத்தக்கது. ஆயினும் பட்டியல் தீர்ப்புகளை மட்டுமே காட்டும், காரணங்களைக் காட்டாது. ஸ்பீல்பர்க்கின் படங்களைப் பல ஆண்டுகளாக ஒரே உறுதியோடு ஆதரித்து ஒரு நூலே வெளியிட்ட ஒயிட்டுக்குத் தமக்கென ஓர் அளவுகோல் இல்லை என்று சொல்ல இயலாது. அந்த அளவுகோல் ஒவ்வொரு படத்திலும் சான்றோடு செயற்படுகிறதா, அல்லது பிறர் தீர்ப்பைத் தலைகீழாக்குவதே முடிவாகிவிடுகிறதா என்பதைக் கட்டுரைகளைத் தனித்தனியே படித்தே அறிய முடியும். பெரும்பான்மையை எப்போதும் எதிர்ப்பவர், எப்போதும் பின்பற்றுபவரைப் போலவே பெரும்பான்மையிடம் தம் தீர்ப்பை ஒப்படைத்துவிடுகிறார் என்ற எச்சரிக்கை எல்லா எதிர்நிலை விமர்சகர்க்கும் உரியது.

தகுதியின் கூறுகள்

இதுவரை கண்டவற்றிலிருந்து விமர்சனத் தகுதியின் கூறுகளை வரையறுக்கலாம். தன் தீர்ப்புக்குப் படத்தின் காட்சிகளையே சான்றாகக் காட்டுதல்; அந்தப் படம் எந்த மரபில் வருகிறது என்பதை அறிந்திருத்தல்; தன் அளவுகோலை வாசகர் காணும்படி வைத்து, பிடித்த படத்துக்கும் பிடிக்காத படத்துக்கும் அதையே பயன்படுத்துதல்; செய்திகளில் துல்லியமும் பிறர் உழைப்பை ஒப்புக்கொள்ளும் நேர்மையும் உடையவராக இருத்தல்; படத்தோடும் அதை எடுத்தவரோடும் தனக்குள்ள தொடர்பு தீர்ப்பைத் தீண்டாமல் காத்தல் ஆகிய ஐந்தும் அக்கூறுகள். பல்கலைக்கழகமும் படப்பிடிப்புத் தளமும் இவற்றை வளர்க்க உதவலாம். சிறு திரையரங்கின் இருட்டில் ஆண்டுக்கணக்கில் அமர்ந்திருந்தும் இவற்றைப் பெறலாம். இக்கூறுகள் நிறைந்த மறுப்போடு உடன்படாத வாசகரும், படத்தை முன்பு கண்டதைவிடக் கூர்மையாகக் காணும் ஆற்றலைப் பெறுவார். விமர்சனத்தின் பயன் அதுவே.

இத்தகுதியைக் காக்கும் பொறுப்பு விமர்சகர் ஒருவரை மட்டும் சார்ந்ததன்று. கேல், 1966இல் 'மெக்கால்ஸ்' இதழில் தம் இடத்தை இழந்தவர். பெரும் வசூல் படங்களை அவர் தொடர்ந்து தாக்கியதை அவ்விதழ் ஏற்கவில்லை. 'தி நியூயார்க்கர்' ஆசிரியர் வில்லியம் ஷானோ, தாம் மகனைப் போலக் கருதிய டெரன்ஸ் மாலிக்கின் 'பேட்லேண்ட்ஸ்' படத்தைக் கேல் கடுமையாக விமர்சித்தபோது, தம் வருத்தத்தை அவரிடம் தெரிவித்தும், கட்டுரையை வெளியிட்டார். நாஜிகளின் யூத இனப்படுகொலையைப் பற்றிய ஒன்பது மணி நேரத்துக்கும் மேற்பட்ட ஆவணப்படமாகிய 'ஷோவா'வை, யூதரான கேல், பொருளின் புனிதம் படத்தின் குறைகளை மறைக்கக் கூடாது என்ற துணிவோடு 1985இல் எதிர்த்து எழுதியபோதும், ஷான் தயங்கினார், தாமதித்தார், இறுதியில் அச்சேற்றினார். விமர்சகருக்குப் போதிய பக்கமும் காலமும் ஊதியமும் அளித்து, தமக்கு உவப்பில்லாத தீர்ப்பையும் வெளியிடும் ஆசிரியர் இல்லாத இடத்தில், மறுத்துரைக்கும் தகுதி ஒருவரிடம் இருந்தும் பயன்படாது. அவ்வாறு வெளிவரும் கட்டுரையின் முடிவை மட்டும் பார்த்துக் கொதிக்காமல், அதன் காரணங்களை முழுவதும் படித்து, படத்தை மீண்டும் பார்த்து, சான்றோடு மறுமொழி கூறும் வாசகர்கள் பெருகும்போதே, தகுதியற்ற மறுப்பு எது, தகுதியுள்ள மறுப்பு எது என்பதைச் சமூகம் தானே பிரித்தறியும் வலிமை பெறும்.